எச்.ஐ.வி. தொற்றின் முதல் சில மாதங்கள்: பெண்ணுக்கும் ஆணுக்கும் என்ன வித்தியாசம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. பற்றித் தேடினால் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை 'நோயாளி' என்று ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகின்றன. அந்த ஆள் யார் என்று கொஞ்சம் தோண்டினால் அநேகமாக ஓர் ஆணாக இருப்பார். தொற்று ஏற்பட்ட முதல் வாரங்களிலும் மாதங்களிலும் பெண்ணின் உடம்பு சில விஷயங்களில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது, சிலவற்றில் துளிகூட வித்தியாசம் கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நிறையப் பேர் தப்பான நேரத்தில் பயப்படுகிறார்கள், தப்பான நேரத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

'ஆரம்பக் கட்டம்' என்று எதைச் சொல்கிறீர்கள்?

வைரஸ் உள்ளே நுழைந்த முதல் பத்து நாள் வாக்கில் எந்த டெஸ்ட் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. நுழைந்த இடத்திலும் பக்கத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளிலும் அது சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். அப்புறம் ரத்தத்தில் கலந்து, கலந்த இரண்டு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். ஒரு மில்லி ரத்தத்தில் பல லட்சம் வைரஸ், சிலருக்குக் கோடியைக்கூடத் தொடும். அதற்குள் நோய் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொண்டு அடிக்க ஆரம்பிக்க, எண்ணிக்கை மளமளவென்று சரிந்து, ரத்தத்தில் வைரஸ் முதன்முதலில் தெரிந்ததிலிருந்து ஒரு மாத வாக்கில் ஏதோ ஒரு மட்டத்தில் வந்து நிற்கும். இதை 'செட் பாயின்ட்' என்பார்கள். ஆளுக்கு ஆள் மாறும் இந்த மட்டத்தை வைத்து, மருந்து எடுக்காவிட்டால் நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்று ஓரளவு கணிக்கலாம். முதல் ஆறு மாதத்தை ஆரம்பக் கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண், பெண் வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இந்த 'செட் பாயின்ட்' மட்டத்தில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அறிகுறிகள் பெண்களுக்கு வேறா?

முதல் சில வாரங்களில் வருபவை இருவருக்கும் ஒன்றுதான். தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுதல், உடம்பு வலி, மார்பிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு, வாய்ப்புண், ராத்திரியில் துணி நனையும் அளவுக்கு வியர்வை, வயிற்றுப்போக்கு என்று வரலாம். எல்லாம் சேர்ந்து வராது, ஒன்றிரண்டு வரும், ஒன்றுமே வராமலும் போகலாம். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் தொற்றும் ஆபத்து அதிகம் உள்ளவர்களை வாரம் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தொற்று உண்டான சில நாட்களிலேயே கண்டுபிடித்து, அதற்குப் பிறகும் விடாமல் கவனித்தார்கள். 2016இல் முடிவுகள் வந்தபோது, இவ்வளவு நெருக்கமாகப் பார்த்தும் பெரும்பாலானவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி அறிகுறிகள் இல்லை. வந்தவையும் பெரும்பாலும் சீக்கிரமே போய்விட்டன.

வித்தியாசம் எங்கே என்றால், அந்தக் காய்ச்சலுக்குச் சூட்டப்படும் பெயரில். பெண்ணுக்கு அசதியும் காய்ச்சலும் வந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கும், மாதவிடாய் நேரம், கர்ப்பமாக இருக்குமோ என்று பேச்சு போகும். ஆணுக்கு வந்தால் 'வைரல் ஃபீவர், மூன்று நாள் ரெஸ்ட் எடுங்கள்'. குடும்பத்தோடு இருக்கும் பெண்ணிடம் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்கப் பல மருத்துவர்களுக்கே தயக்கம். இரண்டு பேரிடமுமே தொற்று கண்ணில் படாமல் போய்விடுகிறது, காரணங்கள்தான் வேறு.

திரும்பத் திரும்ப வெள்ளைப்படுதல், பூஞ்சைத் தொற்று, மாதவிடாய் தவறுவது இதெல்லாம் ஆரம்ப அறிகுறியா?

முதல் வாரங்களின் அடையாளம் என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி. இல்லாத எத்தனையோ பெண்களுக்கும் இவை வருகின்றன. ஆனால் சிகிச்சை எடுத்தும் விடாமல் திரும்பி வரும் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று, இடுப்புக்குழி அழற்சி, கருப்பை வாயில் வேகமாக மாறும் செல்கள் ஆகியவை எதிர்ப்பு சக்தி குறைந்துவருவதைக் காட்டக்கூடும். அந்த நிலையில் டெஸ்ட் எடுத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவே நாளாயிற்று. எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை 1981 ஜூனில் அமெரிக்காவில் ஐந்து ஆண்களைப் பற்றி வந்தது. எய்ட்ஸ் என்று எதை ஏற்பது என்ற அந்நாட்டுப் பட்டியலில் கருப்பை வாய்ப் புற்றுநோய் சேர்ந்தது 1993இல்தான். நடுவில் பன்னிரண்டு வருடம். பெண்களுக்கு மட்டுமே வரக்கூடிய நோய் பட்டியலில் இல்லாததால் எய்ட்ஸ் கணக்கிலேயே வராமல் எத்தனை பெண்கள் போயிருப்பார்கள் என்று யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது.

பெண்களுக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, குறைவாக இருக்குமாமே, அப்போது நல்லதுதானே?

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதிதான் ஆபத்தான தவறு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்துக்கொண்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. கவனித்துக்கொண்டிருந்த காலத்திலேயே புதிதாகத் தொற்று ஏற்பட்டவர்கள் 202 பேர், அதில் 156 ஆண்கள், 46 பெண்கள். தொற்று தெரிந்தபின் எடுத்த முதல் அளவை வைத்துப் பார்த்தால் ஆண்களின் நடுமதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) ஒரு மில்லிக்கு 50,766, பெண்களுக்கு 15,103. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சரி, அப்படியானால் பெண்களுக்கு எய்ட்ஸ் நிலை மெதுவாக வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. ஆண்களைப் போலவேதான் வந்தது.

இன்னும் உள்ளே போய்ப் பாருங்கள். பின்னாளில் எய்ட்ஸ் நிலைக்குப் போன ஆண்களின் ஆரம்ப அளவு 77,822. அதே நிலைக்குப் போன பெண்களின் ஆரம்ப அளவு 17,149. அந்தக் காலத்து வழிகாட்டுதல்படி மருந்து தொடங்குவதற்கான ஒரு கோடு 20,000. ஆக, எய்ட்ஸ் வரப்போகிற பெண்கள் பலர் ஆரம்பத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். இந்தக் கோட்டை வைத்து அன்றே முடிவெடுத்திருந்தால் ஆண்களில் 74 சதவீதம் பேருக்கு முதல் பரிசோதனையிலேயே மருந்துக்குத் தகுதி கிடைத்திருக்கும், பெண்களில் 37 சதவீதம் பேருக்குத்தான். நோயின் வேகம் ஒன்றுதான், அளவுகோல் மட்டும் ஆணுக்குத் தைத்த சட்டை.

இதே நகரத்தில் செய்த ஆய்விலிருந்து 1998இலேயே ஒரு முடிவு வந்திருந்தது: ஆணுக்கு இருப்பதில் பாதி வைரல் லோடு உள்ள பெண்ணுக்கும் எய்ட்ஸ் வர ஆகும் காலம் ஏறக்குறைய அதேதான். சில வருடங்கள் போனால் இரண்டு பேரின் எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், அது வேறு விஷயம்.

எச்.ஐ.வி. குறிவைத்துத் தாக்கும் எதிர்ப்பு அணுக்களுக்கு சிடி4 என்று பெயர், அவை குறையக் குறைய நோய் முற்றும். இந்த சிடி4 எண்ணிக்கையிலும் ஆரம்பத்தில் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எச்.ஐ.வி. இல்லாத பெண்களுக்கே ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல்தான். அதனால் இரண்டு எண்ணையும் பார்த்து 'உனக்குப் பரவாயில்லை' என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வைரஸ் குறைவாக இருந்தும் நோய் அதே வேகத்தில் போவது எப்படி?

பெண்களின் எதிர்ப்பு சக்தி வைரஸைப் பார்த்ததும் கூடுதல் சத்தம் போடுகிறது, அதுதான் விஷயம். நம் உடம்பில் வைரஸின் ஆர்.என்.ஏ.வை, அதாவது அதன் மரபுப்பொருளை, மோப்பம் பிடிக்கிற டி.எல்.ஆர்.7 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. வழக்கமாக ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் பூட்டிவைக்கப்பட்டிருக்கும், ஆனால் இந்த மரபணு சில செல்களில் பூட்டை மீறி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் தன் பங்குக்குத் தூண்டிவிடுகிறது. விளைவு, பெண்களின் சில எதிர்ப்பு அணுக்கள் எச்.ஐ.வி.யைச் சந்தித்தால் இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சங்கை ஆண்களின் அணுக்களைவிடப் பலமாக ஊதுகின்றன.

முதல் வாரங்களில் இது லாபம், வைரஸ் அதிகம் ஏற முடியாமல் அடங்குகிறது. ஆனால் எச்.ஐ.வி. உடம்பைவிட்டுப் போவதில்லையே. சங்கு நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தால் அணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்டுக் களைத்துப்போகும். 2009இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது: ஒரே வைரல் லோடு உள்ள ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் வைத்தால், பெண்ணின் சிடி8 அணுக்கள் (தொற்றிய செல்களைக் கொல்லும் எதிர்ப்பு அணுக்கள்) அதிகம் தூண்டப்பட்டிருக்கின்றன. அதாவது ஒவ்வொரு வைரஸுக்கும் பெண்ணின் உடம்பு கொடுக்கும் விலை அதிகம். இந்த ஓயாத அழற்சி பிற்பாடு இதயத்திலும் தெரியும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்று 2007இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆண்களுக்கு 1.4 மடங்கு, பெண்களுக்குக் கிட்டத்தட்ட 3 மடங்கு என்று கணக்கு வந்தது.

ஒரு தடவை உறவில் யாருக்கு எளிதில் தொற்றும்?

மருந்து எடுக்காத துணையோடு ஆணுறை இல்லாமல் பிறப்புறுப்பு வழி உறவு என்றால், சராசரியாகப் பெண்ணுக்கு 10,000 முறைக்கு 8, ஆணுக்கு 10,000 முறைக்கு 4. ஆசனவாய் வழியில் பெறுபவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் 138. இந்த எண்களைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று தோன்றுவது இயல்பு, அங்கேதான் ஏமாந்துவிடுவோம். சராசரி என்பது பல வருடம் பழைய தொற்று உள்ளவர்களையும் சேர்த்துக் கூட்டி வகுத்தது. துணைக்கே தொற்று புதிதாக வந்து வைரஸ் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு சில வாரங்களில் வாய்ப்பு பல மடங்கு எகிறும், அப்போது அவருக்கே தெரியாது. கூடவே பால்வினைப் புண் ஏதாவது இருந்தால் இன்னும் மோசம்.

பெண்ணுக்கு ஏன் இரட்டிப்பு என்றால், தொடுகின்ற பரப்பு பெரிது, விந்து உள்ளேயே பல மணி நேரம் தங்குகிறது. இளம்பெண்களுக்குக் கருப்பை வாயில் மெல்லிய ஒற்றை அடுக்குச் செல்கள் வெளிப்பக்கம் பரவியிருக்கும், வைரஸ் புகுவதற்கு அது வசதி. பிறப்புறுப்பில் இயற்கையாக இருக்க வேண்டிய லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா குறைந்து வேறு கிருமிகள் பெருகினாலும் அழற்சி உண்டாகி வாய்ப்பு கூடுகிறது. உள்ளே சோப்பு, வாசனைத் திரவம் போட்டுக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆண்கள் பக்கம், முன்தோல் நீக்கம் செய்தவர்களுக்குப் பெண்களிடமிருந்து தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று நாட்டு ஆய்வுகளும் காட்டின.

பெண்ணுக்குள் ஒரே நேரத்தில் பல வகை வைரஸ் நுழைகிறதாமே?

கென்யாவில் செய்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது அது. புதிதாகத் தொற்றிய ஆண்களின் ரத்தத்தில் வைரஸ்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன, ஒற்றை வைரஸிலிருந்து வந்த வாரிசுகள் மாதிரி. பெண்கள் பலரிடம் ஆரம்பத்திலேயே வெவ்வேறு வகைகள் இருந்தன. பெண்கள் எல்லாருக்கும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒற்றை வைரஸால் தொற்றிய பெண்களும் நிறைய. சிகிச்சையில் இதனால் எந்த மாற்றமும் இல்லை.

டெஸ்ட் எப்போது எடுக்க வேண்டும்? ஆணுக்கும் பெண்ணுக்கும் நாள் கணக்கு மாறுமா?

மாறாது. வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை 10 முதல் 33 நாளில் காட்டும். ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் (வைரஸின் புரதம், அதற்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள் இரண்டையும் தேடுவது) 18 முதல் 45 நாளில். விரல் நுனியில் குத்தியோ எச்சிலிலோ எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் டெஸ்டுக்கு 23 முதல் 90 நாள் ஆகலாம். காய்ச்சல் வந்த அன்றே வீட்டு டெஸ்ட் கிட் வாங்கி நெகட்டிவ் பார்த்து நிம்மதியாகிவிடுவதுதான் நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு. அந்த வாரத்தில் வைரஸ் லட்சக்கணக்கில் இருக்கும், எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியே இருக்காது. சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போய், தொற்று பிடிக்காமல் தடுக்கும் 'பெப்' என்ற அவசர மருந்தைக் கேளுங்கள், 28 நாள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.

ஒரு சின்ன விஷயம். தொற்று வராமலிருக்க ஏற்கெனவே தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்கோ, தொற்றிய சில நாளிலேயே சிகிச்சை தொடங்கியவருக்கோ எதிர்ப்பொருள் தாமதமாகவும் மங்கலாகவும் வரலாம். டெஸ்ட் எடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது அல்லது பால் கொடுக்கும்போது புதிதாகத் தொற்றினால்?

இதுதான் எல்லாவற்றிலும் அவசரமான நிலை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்பதால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், ஐந்தாவது மாதத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ தொற்று வந்தால் தாயின் ரத்தத்திலும் பாலிலும் வைரஸ் உச்சத்தில் இருக்கும், குழந்தைக்குப் போகும் வாய்ப்பு பழைய தொற்றைவிட அதிகம். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் மொத்தத்தில் 15 முதல் 45 சதவீதம் வரை குழந்தைக்குப் போகிறது, சிகிச்சை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு டெஸ்டைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கணவரும் எடுக்க வேண்டும், அந்தப் பகுதியைத்தான் எல்லா வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள்.

பெண்களுக்குத்தான் இவ்வளவு பாதகம் என்றால், ஆண்களுக்குப் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது, அது வேறு மாதிரி. பெண்களுக்குக் கர்ப்ப காலப் பரிசோதனை என்று ஒரு வாசலாவது இருக்கிறது. ஆணுக்கு உடம்பு படுத்தினால் ஒழிய ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பழக்கமே கிடையாது. அதனால் ஆண்கள் தாமதமாக டெஸ்ட் எடுக்கிறார்கள், சிடி4 சரிந்த பிறகு மருந்து தொடங்குகிறார்கள், நடுவில் விடவும் செய்கிறார்கள். 2023ஆம் ஆண்டுக்கான ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் கணக்குப்படி உலகில் எச்.ஐ.வி.யோடு வாழும் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 83 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள், ஆண்களில் 72 சதவீதம். ஆரம்பக் கட்டத்தில் வைரஸும் ஆண்களுக்கு அதிகம், தெரிந்துகொள்வதும் தாமதம் என்றால் அந்த இடைவெளியில் எத்தனை பேருக்குப் பரவும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தை எப்போது தொடங்குவது?

தெரிந்த அன்றே, அல்லது முடிந்த அளவு சீக்கிரம். இருவருக்கும் இதேதான். 35 நாடுகளில் நடந்த 'ஸ்டார்ட்' என்ற பெரிய ஆய்வை 2015இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், ஏனென்றால் சிடி4 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோயும் மரணமும் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது, காத்திருக்கச் சொன்னவர்களை இனியும் காத்திருக்க வைப்பது நியாயமில்லை என்று ஆகிவிட்டது. அதே வருடம் உலக சுகாதார நிறுவனமும் எண்ணைப் பார்க்காமல் எல்லாருக்கும் மருந்து என்றது. மேலே சொன்ன 20,000 கோட்டுச் சிக்கல் அத்தோடு போனது. ஆனால் மனசுக்குள் அந்தக் கோடு இன்னும் சிலருக்கு இருக்கிறது: 'எனக்கு வைரல் லோடு ஆயிரக்கணக்கில்தான், கொஞ்சம் தள்ளிப்போடலாமா?' வேண்டாம்.

மருந்தின் பக்கவிளைவில் வித்தியாசம் உண்டா?

உண்டு. நெவிரபின் என்ற பழைய மருந்து சிடி4 250க்கு மேல் உள்ள பெண்களுக்கும் 400க்கு மேல் உள்ள ஆண்களுக்கும் கல்லீரலைத் தாக்கும் ஆபத்து அதிகம் என்று எச்சரிக்கை இருந்தது. அதாவது தொற்று புதிது, எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கிறது என்ற நிலையில் உள்ள பெண்ணுக்குத்தான் அது சிக்கல். இப்போது பரவலாகக் கொடுக்கும் டோலுடெக்ராவிரில் உடம்பு எடை கூடுவது பெண்களுக்கு அதிகம்.

டோலுடெக்ராவிர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 2018இல் போட்ஸ்வானாவில், கருத்தரிக்கும்போதே இந்த மருந்தில் இருந்த 426 பெண்களின் பிரசவங்களில் நான்கு குழந்தைகளுக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு (மூளையோ முதுகுத்தண்டோ சரியாக உருவாகாத பிறவிக் குறைபாடு) இருந்தது. உடனே பல நாடுகளில் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு இந்த மருந்து வேண்டாம் என்று நிறுத்தி, பக்கவிளைவு கூடுதலான பழைய மருந்திலேயே வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பிரசவங்கள் சேரச் சேர அந்தப் பயம் கரைந்துபோனது, 2019இல் உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்கும் இதையே முதல் தேர்வாகச் சொன்னது. ஜாக்கிரதை தவறில்லை. ஆனால் நடுவில் அந்தப் பெண்களிடம் 'நீங்கள் கருத்தரிக்க நினைக்கிறீர்களா?' என்று கேட்டு முடிவெடுத்த இடங்கள் குறைவு.

தடுப்பு மாத்திரை இருவருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமா?

ஒழுங்காக எடுத்தால் இருவருக்கும் வேலை செய்யும், ஆனால் தவறவிட்டால் பெண்ணுக்கு மன்னிப்பு குறைவு. இந்த மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் மருந்து ஆசனவாய்த் திசுக்களில் சேரும் அளவுக்குப் பெண்ணின் பிறப்புறுப்புத் திசுக்களில் சேராது. அதனால்தான் உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டு மாத்திரை, அப்புறம் இரண்டு நாள் ஒவ்வொன்று என்ற சுருக்கமான முறையை ஆண்களுக்குச் சொல்கிறார்கள், பெண்களுக்குச் சொல்வதில்லை. பெண்கள் தினமும் எடுக்க வேண்டும். தினமும் மாத்திரை டப்பாவை வீட்டில் ஒளித்துவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியான லெனகாபவிர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று புரியும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் செய்த பரிசோதனையில் அந்த ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024இல் முடிவு வந்தது.

கருத்தடை ஊசி போட்டால் எச்.ஐ.வி. எளிதில் வருமா?

ரொம்ப நாளாக இருந்த சந்தேகம். நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 7,829 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஊசி, காப்பர் டி, கையில் வைக்கும் இம்ப்ளான்ட் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் இவற்றில் எதுவுமே எச்.ஐ.வி.யைத் தடுக்காது.

முதல் வாரங்களைப் பற்றிப் பெண்களிடம் தனியாக ஆராய்ந்திருக்கிறார்களா?

தாமதமாகத்தான், ஆனால் அருமையாகச் செய்த ஒன்று இருக்கிறது. எச்.ஐ.வி.யைக் குணப்படுத்தும் முயற்சிகளில் கலந்துகொண்டவர்களில் பெண்கள் நடுமதிப்பாக 11 சதவீதம்தான் என்று 2016இல் ஒரு தொகுப்பு கணக்கிட்டது. உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய உம்லாசியில் 'ஃப்ரெஷ்' என்ற திட்டம் வேறு வழியில் போனது. 18 முதல் 23 வயதுப் பெண்கள் வாரத்தில் இரண்டு நாள் வருவார்கள், வேலை தேடுவதற்கான பயிற்சி, வாழ்க்கைத் திறன் வகுப்பு எல்லாம் நடக்கும், கூடவே விரலில் ஒரு குத்து. அந்தச் சொட்டு ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், எதிர்ப்பொருள் உருவாவதற்கு முன்னாலேயே சிகிச்சை. பின்னாளில் அவர்களில் 20 பேரிடம், மேலே சொன்ன டி.எல்.ஆர்.7ஐத் தூண்டும் ஒரு மருந்தையும் எதிர்ப்பொருள் ஊசிகளையும் கொடுத்து, வழக்கமான மாத்திரையை மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்திப் பார்த்தார்கள். நான்கு பேர் ஆய்வு முடியும்வரை மாத்திரை இல்லாமலே சமாளித்தார்கள். யாரும் வீட்டில் செய்து பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது.

திருநங்கைகளுக்கு எந்தக் கணக்கு?

குரோமோசோம், ஹார்மோன் இரண்டும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயங்கள் இவை. ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன சுருக்க முறைத் தடுப்பு மாத்திரையைப் பரிந்துரைப்பதில்லை, தினசரி முறைதான். சிகிச்சை உடனே தொடங்குவது எல்லாருக்கும் பொது.

வைரல் லோடு எனக்கு 60,000, என் மனைவிக்கு 12,000. இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் தெரிந்தது. யாருக்கு முதலில் வந்தது என்று இதில் தெரியுமா?

தெரியாது. இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. பெரும்பாலும் இரண்டு ரிப்போர்ட்டையும் மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு, ராத்திரி நேரத்தில் கேட்கப்படும் கேள்வி. அதிக எண் உள்ளவருக்குப் புதுத் தொற்று, குறைந்தவருக்குப் பழசு என்று ஒரு கணக்கு. அல்லது நேர் எதிராக, குறைவாக இருக்கிறதே, அவளுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது என்று இன்னொரு கணக்கு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தொற்றியிருந்தால்கூட இப்படியே ஐந்து மடங்கு வித்தியாசத்தோடு வரலாம், பெண்ணின் உடம்பு ஆரம்பத்தில் வைரஸை இன்னும் கீழே பிடித்துவைக்கும் என்பதால். சிடி4 எண்ணும் இதற்குச் சாட்சி சொல்லாது. குடும்பத்தில் முதலில் டெஸ்ட் எடுத்தவர் மேல் பழி விழுவது வழக்கம், அநேகமாக அது கர்ப்ப காலத்தில் டெஸ்ட் எடுத்த பெண்ணாக இருக்கும், முதலில் தெரிந்துகொண்டவர் என்பதற்கு மேல் அதில் ஒரு அர்த்தமும் இல்லை.

இரண்டு பேரும் ஒரே நாளில் மருந்தைத் தொடங்குங்கள். தவறாமல் எடுத்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இரண்டு ரிப்போர்ட்டிலும் 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று ஒரே வரி வரும். அந்த நிலையில் தொடரும்வரை உடலுறவு வழியாக யாரிடமிருந்தும் யாருக்கும் பரவாது. மனைவிக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனையையும் கையோடு எழுதி வாங்குங்கள், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அந்தப் புற்றுநோய் வாய்ப்பு ஆறு மடங்கு என்பதால் 25 வயதிலிருந்தே மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்கிறார்கள்.